பிரிட்டனில் பார்க்கிங் கட்டணத்துக்கு நீதிமன்றப் படிவம் வந்துவிட்டதா? முதலில் தேதியைப் பாருங்கள்

நீங்கள் பிரிட்டனில் படிக்கலாம். அல்லது உங்கள் மகனோ மகளோ அங்கே வேலை செய்யலாம். சூப்பர் மார்க்கெட் வளாகத்தில் காரைச் சற்றுக் கூடுதல் நேரம் நிறுத்தியதற்கு 100 பவுண்டு கேட்டு ஒரு கடிதம் வருகிறது. யாரும் கண்டுகொள்வதில்லை. அடுத்த கடிதத்தில் அது 170 பவுண்டாகிறது. பிறகு ஒரு நாள் நீதிமன்றத்தின் பெயரில் ஒரு படிவமே வந்து நிற்கிறது.

"சம்மன்தானே, தள்ளுபடி அறிவிப்பாங்க, அப்போ கட்டிக்கலாம்" என்பது நம் நாட்டில் பலருக்கும் பழகிப்போன கணக்கு. இந்த விஷயத்தில் அந்தக் கணக்கு கைகொடுக்காது. அங்கே நாள் தள்ளத் தள்ள தொகை கூடும். பதில் சொல்லாமல் இருந்தால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பும் வந்துவிடும்.

இங்கே சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தின் சட்டம் வேறு.

இது அபராதமா?

இல்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஊராட்சி மன்றம் தருவது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்'. அது சட்டப்படியான அபராதம். தனியார் நிறுவனம் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. இரண்டையும் சுருக்கமாக பிசிஎன் என்றே சொல்வார்கள்.

தனியார் கேட்பது ஒப்பந்தத்தை மீறியதற்கான பணம். பலகையில் எழுதியிருந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதான் நீங்கள் காரை நிறுத்தினீர்கள், பிறகு அவற்றை மீறிவிட்டீர்கள் என்பதுதான் அவர்கள் வாதம். இதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை, குற்றப் பதிவும் வராது. தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதும் 2012 அக்டோபர் முதல் அங்கே தடை செய்யப்பட்டுள்ளது.

அதற்காக இது வெற்று மிரட்டலும் இல்லை. செம்ஸ்ஃபர்ட் நகரக் கடைத்தொகுதி ஒன்றில் 2 மணி நேரம் இலவசமாக நிறுத்தலாம். ஒருவர் அதற்கு மேல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்திவிட்டார். அவரிடம் 85 பவுண்டு கேட்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கட்டணம் செல்லும் என 2015 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 'தனியார் பார்க்கிங் கட்டணத்தைக் கட்டவே வேண்டாம்' என்று நண்பர்கள் சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கடிதத்துக்கு என்ன அர்த்தம்?

முதலில் வருவது கட்டண நோட்டீஸ். 14 நாளுக்குள் கட்டினால் பொதுவாகத் தொகை குறையும். நிறுவனத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அவர்கள் மறுத்தால், அந்த நிறுவனம் சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்து, பாப்லா அல்லது ஐஏஎஸ் என்ற மேல்முறையீட்டுச் சேவைக்குப் போகலாம்.

அடுத்து வருபவை கடன் வசூல் நிறுவனங்களின் கடிதங்கள். சிவப்பு எழுத்தில் பயமுறுத்தும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்து பொருளை எடுத்துச் செல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

மூன்றாவது, வழக்குக்கு முந்தைய கடிதம். இதற்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. இதைக் குப்பையில் போடாதீர்கள். விவகாரத்தை நீதிமன்றத்துக்கு வெளியே முடிக்க இது நல்ல வாய்ப்பு.

கடைசியில் வருவது நீதிமன்றக் கோரிக்கைப் படிவம். அதில் வழக்கு எண், வெளியிடப்பட்ட தேதி, இணையத்தில் பதில் தருவதற்கான கடவுச்சொல் எல்லாம் இருக்கும். கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வந்து, 'இந்த இணைப்பைத் தட்டிப் பணம் கட்டு' என்று கேட்பது அந்தப் படிவம் அல்ல. அது மோசடியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நாள்களை எப்படி எண்ணுவது?

படிவம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டாம். அதில் அச்சிட்டுள்ள வெளியீட்டுத் தேதியுடன் 5 நாளைச் சேருங்கள். அன்றுதான் படிவம் உங்களிடம் சேர்ந்ததாகக் கணக்கு. அதிலிருந்து 14 நாளுக்குள் பதில் போக வேண்டும்.

14 நாள் போதாதா? 'படிவம் கிடைத்தது, வழக்கை எதிர்க்கப் போகிறேன்' என்று அந்த 14 நாளுக்குள் தெரிவித்தால், எதிர்வாதம் தாக்கல் செய்ய மொத்தம் 28 நாள் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. வெளியீட்டுத் தேதி ஜூன் 2 என்றால், சேர்ந்த நாள் ஜூன் 7. ஜூன் 21க்குள் முதல் பதில். ஜூலை 5க்குள் எதிர்வாதம். கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு, மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 'கிடைத்தது' என்று சொல்வது மட்டும் எதிர்வாதம் ஆகாது. முதல் பதிலைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்து, இரண்டாவது தேதியைக் கோட்டை விட்டாலும் தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் போகலாம்.

கட்டுவதா, எதிர்ப்பதா?

தவறு உங்கள் பக்கம்தான் என்றால் ஒப்புக்கொண்டு கட்டிவிடுவதே மலிவு. மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம். தொகையில் ஒரு பகுதியை மட்டும் ஏற்கவும் முடியும்.

எதிர்ப்பதற்குக் காரணம் வேண்டும். 'தொகை ரொம்ப அதிகம்' என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. இவை இருந்தால் உங்கள் பக்கம் வலு உண்டு:

• அறிவிப்புப் பலகை இல்லை, இருட்டில் தெரியவில்லை, எழுத்து மிகச் சிறியது.

• கட்டணம் கட்டியாயிற்று, ஆனால் கார் எண்ணில் ஓர் எழுத்து மாறிவிட்டது. அல்லது இயந்திரமோ செயலியோ வேலை செய்யவில்லை.

• கட்டிய நேரம் முடிந்து 10 நிமிடத்துக்குள் வெளியேறிவிட்டீர்கள். பார்க்கிங் துறையின் நடத்தைக் கோட்பாடே அந்தச் சலுகையைத் தருகிறது.

• கார் உங்கள் பெயரில் இருந்தாலும் ஓட்டியது நீங்கள் அல்ல. கேமரா வழி பதிவான சம்பவத்துக்கு நோட்டீஸ் 14 நாளுக்குள் உங்களை வந்து சேரவில்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் கெடு தவறினால் அவர்கள் ஓட்டுநரிடம்தான் கேட்க முடியும், உரிமையாளரிடம் அல்ல.

பேச்சு மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், செயலியின் பதிவு, பலகையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் படங்களையும் பதிவுகளையும் இலவசமாகக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

பொய் மட்டும் வேண்டாம். எதிர்வாதத்தில் 'இவை உண்மை' என்று கையெழுத்திடுகிறீர்கள். ஓட்டியது நீங்களாக இருந்து, 'நான் ஓட்டவில்லை' என்று எழுதினால் அது பார்க்கிங்கை விடப் பெரிய வம்பு.

அதற்கப்புறம் என்ன நடக்கும்?

இத்தகைய வழக்குகள் 10,000 பவுண்டு வரையிலான சிறு கோரிக்கைப் பிரிவில் வரும். 2024 மே முதல் விசாரணைக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். அது தொலைபேசியில், ஒரு மணி நேரம் வரை, இலவசமாக நடக்கும். அங்கே முடியவில்லை என்றால் பொதுவாக உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நீதிமன்றத்தில் விசாரணை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம்.

தோற்றால் எவ்வளவு? 300 பவுண்டுக்கு உட்பட்ட கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணம் 35 பவுண்டு, நிர்ணயிக்கப்பட்ட வழக்கறிஞர் செலவு 50 பவுண்டு. விசாரணை வரை போனால் அதற்கும் ஒரு சிறு கட்டணம், கூடவே வட்டி. சிறு கோரிக்கைப் பிரிவில், நீங்கள் முறைகேடாக நடந்துகொள்ளாத வரை, எதிர்த்தரப்பின் முழு வழக்கறிஞர் செலவும் உங்கள் தலையில் விழாது.

தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் உங்கள் பெயர் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். கட்டாவிட்டால் 6 ஆண்டுகள் அங்கேயே இருக்கும். வாடகை வீடு, கைப்பேசி ஒப்பந்தம், வங்கிக் கடன் என்று எதைக் கேட்டாலும் அந்தப் பதிவு குறுக்கே நிற்கலாம். தீர்ப்புக்குப் பிறகும் கட்டாதவர்களிடம்தான் நீதிமன்ற அமலாக்க அதிகாரிகள் வருவார்கள்.

வீடு மாறியவர்களே, கவனம்

அதிகம் சிக்குபவர்கள் வீடு மாறியவர்கள். மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு வீடு மாறுகிறார்கள், படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புகிறார்கள். வாகன உரிம அலுவலகமான டிவிஎல்ஏவில் பழைய முகவரியே இருந்தால் எல்லாக் கடிதமும் அங்கேதான் போகும். பதில் வராததால் தீர்ப்பும் வந்துவிடும். உங்களுக்குத் தெரியவருவது, அடுத்த முறை கடன் கேட்கும்போதுதான்.

வீடு மாறினால் டிவிஎல்ஏவுக்கு உடனே சொல்லுங்கள். உரிமத்துக்கும் காரின் பதிவுப் புத்தகத்துக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும். காரை விற்றால் அதையும் தெரிவியுங்கள். ஏற்கெனவே பார்க்கிங் தகராறு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் புது முகவரியை எழுதுங்கள்.

தெரியாமலேயே தீர்ப்பு வந்துவிட்டதா? அதை ரத்துசெய்யக் கேட்டு என்244 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு. தெரிந்தவுடன் விண்ணப்பித்தீர்களா, வழக்கை எதிர்க்க நியாயமான காரணம் இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள்.

புரியாவிட்டால் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கத்திலும் விசாரிக்கலாம். பிள்ளை அங்கே, நீங்கள் இங்கே என்றால் இன்றே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "பழைய வீட்டுக்கு ஏதாவது கடிதம் வந்துச்சா?"