சாத்திய கதவும் பூட்டிய கதவும்

ஜெர்மனியின் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவற்றின் வாசற்கதவுக்கு வெளிப்புறம் திருப்பக்கூடிய கைப்பிடி கிடையாது. அங்கே இருப்பது அசையாத ஒரு குமிழ் மட்டுமே என்பதால், குப்பையைக் கொட்டவோ தபால் பெட்டியைப் பார்க்கவோ சாவியை எடுக்காமல் வெளியே வந்தவர், காற்றில் கதவு சாத்திக்கொண்டால் வாசலிலேயே நின்றுவிட நேரிடும். இதற்கு மாறாக, நாதாங்கியும் தொங்குபூட்டும் கொண்ட கதவு, ஒருவர் கையால் பூட்டினாலொழியப் பூட்டிக்கொள்ளாது. தமிழகத்தில் ‘நைட் லாட்ச்’ எனப்படும் தானியங்கிப் பூட்டைப் பொருத்திய வீட்டுக்காரர்களுக்குத்தான் இந்தச் சங்கடம் ஓரளவு பழக்கமானது. ஜெர்மனியில் இது அன்றாடம் நிகழ்வது என்பதால், வெளியே சிக்கிக்கொண்டவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் ‘ஷ்லூஸல்டீன்ஸ்ட்’ என்ற சாவிச் சேவை இரவு பகலாக எல்லா நகரங்களிலும் கிடைக்கிறது.

இத்தொழிலில் நேர்மையானவர்கள் பலர் உண்டு. ஆயினும் அவர்களுக்கு நடுவே, 100 யூரோ அளவில் முடிய வேண்டிய வேலைக்கு 300, 500 என்றும் சில வேளைகளில் 1000 யூரோவுக்கு மேலும் கறந்துவிடுகிற கூட்டம் ஒன்று நெடுங்காலமாக இயங்கி வருகிறது. நுகர்வோர் அமைப்புகள் ஆண்டுதோறும் எச்சரித்தும், நீதிமன்றங்கள் தண்டித்தும் அது ஓயவில்லை. 1980களில் அகதிகளாக அங்கே சென்று வேரூன்றிய ஈழத்தமிழருக்கும், அண்மைக் காலத்தில் படிப்புக்காகவும் வேலைக்காகவும் செல்லும் தமிழக இளைஞருக்கும் இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. இந்த வணிகத்தின் முதலீடு உண்மையில் ஓர் அறியாமைதான்: சாத்திக்கொண்ட கதவுக்கும் பூட்டிய கதவுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை.

பூட்டுக்குள் இருப்பவை

ஜெர்மானியக் கதவின் பூட்டில் இரண்டு உறுப்புகள் தனித்தனியே வேலை செய்கின்றன. முதலாவது, சுருள்வில்லின் விசையால் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்ட உலோக நாக்கு. கதவு நிலையை நெருங்கும்போது அந்தச் சாய்வு நிலையிலுள்ள தகட்டில் உரசி உள்வாங்கி, அடுத்த கணமே தகட்டின் துளைக்குள் தெறித்து விழுவதால், சாவியைத் தொடாமலேயே கதவு அடைபடுகிறது. இரண்டாவது, சாவியைத் திருப்பினால் மட்டுமே வெளிவந்து நிலைக்குள் நுழையும் கனத்த தாழ். நாக்கு மட்டும் விழுந்திருந்தால் கதவு சாத்தியிருக்கிறது என்றும், தாழும் வெளிவந்திருந்தால் பூட்டியிருக்கிறது என்றும் பொருள்.

சாத்திய கதவைத் திறப்பதற்குப் பூட்டின் உட்பகுதியைத் தொடவே வேண்டியதில்லை. தேர்ந்த தொழிலாளி, வளைத்த கம்பி ஒன்றைக் கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள ரப்பர் விளிம்பின் வழியே செருகி, நாக்கின் சாய்ந்த பக்கத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அதை உள்ளே தள்ளிவிடுகிறார். சில கதவுகளுக்கு வளையக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் தகடே போதுமானது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த வேலையில் பொதுவாகக் கதவுக்கோ பூட்டுக்கோ சேதம் நேர்வதில்லை. வீட்டுக்காரரின் பழைய சாவி பழையபடியே பயன்படும்.

பூட்டிய கதவின் கதை வேறு. சாவி நுழையும் பகுதியான ‘சிலிண்டர்’ என்னும் உருளைக்குள், வெவ்வேறு நீளமுள்ள சிறு ஊசிகள் வரிசையாகச் சுருள்வில்களால் அழுத்தப்பட்டு நிற்கின்றன. உரிய சாவியின் பற்கள் அவை அனைத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழன்று தாழை இழுக்கும். பண்டைய எகிப்தியரும் அறிந்திருந்த இந்தத் தத்துவத்துக்கு, அமெரிக்கரான லைனஸ் யேல் (இளையவர்) 1860களில் தட்டைச் சாவியோடு கூடிய இன்றைய வடிவத்தைத் தந்தார். சாவி தொலைந்து, தாழும் போடப்பட்டு, மற்ற வழிகள் பலிக்காதபோது மட்டுமே இந்த உருளையைத் துளையிட்டு அழிக்க வேண்டியிருக்கும். அப்போதும் புதிய உருளையைப் பொருத்துவது கடினமான வேலையன்று; கதவின் விளிம்பிலுள்ள ஒரே திருகாணியைக் கழற்றினால் பழைய உருளை வெளியே வந்துவிடும், அதற்கு மாற்றாகச் சாதாரண உருளையொன்று வன்பொருள் கடைகளில் சில பத்து யூரோக்களுக்கே கிடைக்கிறது.

மோசடிக்காரரின் கை முதலில் துளைக் கருவிக்குப் போவதன் காரணம் இங்கே விளங்கும். கம்பியால் திறந்தால் கிடைப்பது சில நிமிட வேலைக்கான கூலி மட்டுமே; துளையிட்டால் அதற்கொரு கட்டணம், புதிய உருளைக்கு மும்மடங்கு விலை, அதைப் பொருத்துவதற்குத் தனிக் கூலி என்று ரசீது நீண்டுகொண்டே போகும்.

விலை ஏறும் வழி

ஜெர்மனியில் முடிதிருத்தகம் நடத்தவும் ரொட்டி அடுமனை நடத்தவும் ‘மைஸ்டர்’ எனப்படும் தொழில் தேர்ச்சிச் சான்று பொதுவாகத் தேவை. அந்நியர் வீட்டுக் கதவைத் திறந்துவிடும் தொழிலுக்கோ அத்தகைய சான்று எதுவும் தேவையில்லை, வணிகப் பதிவு ஒன்றே போதும். அரசு நிர்ணயித்த கட்டண அட்டவணையும் கிடையாது. தொலைபேசிப் புத்தகம் ஆண்ட காலத்தில், அகர வரிசையில் முதலிடம் பிடிப்பதற்காக ‘ஏஏஏ’ என்று தொடங்கும் பெயர்களைச் சில நிறுவனங்கள் சூட்டிக்கொண்டன. இன்று அதே வேலையை இணையத் தேடலின் விளம்பரங்கள் செய்கின்றன. ஊர்ப் பெயரோடும் உள்ளூர்த் தொலைபேசி எண்ணோடும் தோன்றும் விளம்பரத்தை நம்பி அழைத்தால், அழைப்பு வேறேதோ நகரிலுள்ள அழைப்பு மையத்துக்குப் போகிறது. அந்த மையம் துணை ஒப்பந்தக்காரர் ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் வசூலிப்பதில் கணிசமான பங்கைத் தரகாக எடுத்துக்கொள்கிறது. விளம்பரச் செலவையும் தரகையும் ஈடுகட்ட வேண்டிய அந்த மனிதருக்கு, கம்பியால் திறந்துவிட்டு நியாயமான கூலியோடு திரும்புவது கட்டுப்படியாகாது.

தொலைபேசியில் சொல்லப்படும் தொகை மிகக் குறைவாக இருக்கும், அல்லது ‘பார்த்தபிறகே சொல்ல முடியும்’ என்ற பதில் வரும். கதவு திறந்தபின் நீட்டப்படும் ரசீதில் பயணச் செலவு, இரவுக் கூடுதல், ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் ஆகியவற்றோடு, உடனே வந்ததற்கான ‘அவசரக் கூடுதல்’, கையிலுள்ள கருவியைப் பயன்படுத்தியதற்கான ‘சிறப்புக் கருவிக் கூடுதல்’ போன்றவையும் வரிசையாக நிற்கும்; எல்லாவற்றுக்கும் மேல் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேரும். இரவிலும் விடுமுறையிலும் ஓரளவு கூடுதல் வாங்குவது ஏற்கத்தக்கதே. ஆனால் உடனே வருவதும் கருவி கொண்டுவருவதும்தான் இந்தச் சேவையே என்பதால், அவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்பது முறையற்றது என்பது நுகர்வோர் மையங்களின் நிலைப்பாடு. பணத்தை அங்கேயே ரொக்கமாகவோ, அவர் கொண்டுவந்த அட்டைக் கருவியிலோ செலுத்தச் சொல்லி நெருக்குவதும், பணம் எடுக்கும் இயந்திரம் வரை கூடவே வருவதும் இந்த முறையின் கடைசிக் கட்டம்.

போட்டி நிறைந்த சந்தையில் இப்படிப்பட்டவர்கள் ஏன் காணாமற்போவதில்லை என்ற கேள்விக்குப் பொருளியலில் விடை உண்டு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்பதை, பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கதவு திறப்போரை ஒருவர் வாழ்நாளில் ஓரிரு முறையே அழைப்பதால் பட்டறிவு சேர்வதில்லை; செய்த வேலை தேவைதானா என்று மதிப்பிடும் அறிவும் அவருக்கு இல்லை; அடுப்பில் பாலோ தொட்டிலில் குழந்தையோ இருக்குமானால் நான்கு இடங்களில் விலை கேட்க நேரமும் இல்லை.

சட்டம் தரும் துணை

1900ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் குடிமைச் சட்டத் தொகுப்பின் 138ஆம் பிரிவு, நன்னெறிக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது என்றும், ஒருவருடைய இக்கட்டைப் பயன்படுத்தி, கொடுத்த சேவைக்குச் சற்றும் பொருந்தாத ஆதாயம் பெறும் ஒப்பந்தமும் செல்லாது என்றும் கூறுகிறது. வழக்கமான விலையைப் போல ஏறத்தாழ இருமடங்கு வாங்கியிருந்தால் நீதிமன்றங்கள் அதைப் பொருந்தா விலையாகக் கருதும் வாய்ப்பு மிகுதி. மிகையாகச் செலுத்திய தொகையைத் திரும்பக் கோரவும் அந்தச் சட்டத்தில் வழியுண்டு. இக்கட்டைப் பயன்படுத்தி இவ்வாறு ஆதாயம் பெறுவது, குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் உரியது.

இந்தக் குற்றம் நிலைநாட்டப்பட, பாதிக்கப்பட்டவர் இக்கட்டில் இருந்தார் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். கதவு சாத்திக்கொண்டது மட்டுமே இக்கட்டு ஆகுமா, குழந்தை உள்ளே இருப்பது போன்ற வேறு ஆபத்தும் வேண்டுமா என்பதில் கீழ் நீதிமன்றங்கள் நெடுங்காலம் முரண்பட்டன. கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் அளித்த முடிவு இந்த ஐயத்தைத் தீர்த்தது: சொந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் நிற்பதே இக்கட்டுதான், அதற்கு மேல் தனிச்சிறப்பான சூழல் எதுவும் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையைப் பின்பற்றி 2014 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் விதியும் உதவக்கூடியது. வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம் என்பது பொது விதி. அவசரப் பழுதுக்காகத் தாமே வரவழைத்த வேலைக்கு இந்த உரிமை இல்லை என்றாலும், கேட்காமலே விற்கப்பட்ட கூடுதல் பொருளுக்கும் வேலைக்கும் அந்த விலக்கு பொருந்தாது.

ஆனால் சட்டத்தின் துணை பணம் கைமாறிய பிறகே வருகிறது. ரசீதில் உண்மையான முகவரி இல்லாவிட்டால் யார்மீது வழக்குத் தொடுப்பது என்பதே தெரியாமற்போகும். வங்கி அட்டையில் இரகசிய எண் அழுத்திச் செலுத்திய தொகையை மீட்பது மிகவும் கடினம். கையெழுத்திட்டுக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடித்தம் செய்ய ஒப்பியிருந்தால் மட்டும், 8 வாரங்களுக்குள் வங்கியின் மூலம் திரும்பப் பெறலாம்.

கதவு சாத்துவதற்கு முன்

நம்பகமான பக்கத்து வீட்டாரிடமோ அருகில் வாழும் நண்பரிடமோ ஒரு மாற்றுச் சாவியைக் கொடுத்துவைப்பதே முதற்காப்பு. சாதாரண உருளைகளில் உட்பக்கம் சாவி செருகியிருந்தால் வெளியிலிருந்து மாற்றுச் சாவி வேலை செய்யாது என்பதால், உட்பக்கச் சாவியை எடுத்து மாட்டிவைக்கும் பழக்கம் வேண்டும். இரு பக்கமும் இயங்கும் அவசரகால உருளைகளும் விற்பனையில் உள்ளன. கடைத்தெருவில் நெடுநாளாக இயங்கும் உள்ளூர்ப் பூட்டுக் கடையின் எண்ணை முன்கூட்டியே கேட்டறிந்து கைபேசியில் பதிந்துவைப்பது, பதற்றத்தில் விளம்பரத்தைத் தட்டுவதிலிருந்து காப்பாற்றும்.

அழைக்க நேர்ந்தால், கதவு சாத்தியிருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்பதைத் தெளிவாகச் சொல்லி, பயணம், கூடுதல், வரி அனைத்தும் சேர்ந்த மொத்தத் தொகையை முடிவுசெய்த பிறகே வரச் சொல்ல வேண்டும். அண்டை வீட்டார் ஒருவரைச் சாட்சியாக நிறுத்திக்கொள்வதும் நல்லது. சாத்திய கதவுக்குத் துளைக் கருவியை எடுப்பவரிடம் காரணம் கேட்க வேண்டும். காரணம் பொருந்தாவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். பேசிய தொகைக்கு மேல் கேட்டு மிரட்டினால் 110 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்கலாம். உள்ளே குழந்தை தனித்திருந்தாலோ அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ சாவிச் சேவையைத் தேடி நேரத்தை வீணாக்காமல், 112 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை உடனே அழைக்க வேண்டும். ஜெர்மனியில் பிள்ளைகளையோ உறவினரையோ கொண்டவர்கள், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த தொலைபேசி உரையாடலிலேயே கேட்டுவிடுவது நல்லது.