பட்டா முதல் பற்றுவரவு வரை: தரவுகளைக் கேட்டுப் பெறும் வழி

தரவுத்தளத்தில் குவிந்திருக்கும் பதிவுகளிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும்படி கணினிக்கு இடும் கட்டளைக்கு வினவல் என்று பெயர். இணையத்தில் பட்டா எடுத்துப் பார்த்த எவரும் தம்மை அறியாமலே ஒரு வினவலைச் செய்திருக்கிறார்.

பவானி வட்டம் ஜம்பையில் இருக்கும் ஒரு தோட்டத்தின் பட்டாவைப் பார்க்க, தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் பெயர், ஹெக்டேர்-ஏர் கணக்கில் பரப்பு, நன்செயா புன்செயா என்ற விவரம், தீர்வை ஆகியவை திரைக்கு வருகின்றன. கொடுத்த ஐந்து விவரங்களும் நிபந்தனைகள், வந்தது விடை.

அதே தோட்டத்துக்கு வில்லங்கம் பார்க்கப் பதிவுத்துறையின் தளத்துக்குப் போக வேண்டும். பட்டா வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவு. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை ஆகியவை பதிவுத்துறையிடம் இருக்கின்றன. அங்கே சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் ஆகியவற்றோடு எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதையும் குறிப்பிட வேண்டும். துறைகள் இரண்டு, தரவுத்தளங்களும் இரண்டு. ஆனால் கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றும் இரு இடத்திலும் உள்ளன. பட்டாவில் இருப்பவரும் கடைசிக் கிரயத்தில் வாங்கியவரும் ஒருவர்தானா என்று ஒத்துப்பார்க்க முடிவது இதனால்தான். வெவ்வேறு இடங்களில் கிடக்கும் தரவுகளைச் சேர்த்துப் படிக்க, இப்படி இரு பக்கமும் பொதுவான ஓர் அடையாளம் இருந்தாக வேண்டும்.

இந்தக் கருத்துக்கு முறையான வடிவம் கொடுத்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். அதுவரை, தரவு எந்த வழியில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தவர்தான் அதை எடுக்கும் நிரலை எழுத முடியும். தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்தால், எது வேண்டும் என்று சொன்னாலே போதும், எப்படித் தேடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று 1970-ல் அவர் எழுதிய கட்டுரை காட்டியது. 1974-ல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் அதற்கென ஒரு மொழியை வெளியிட்டனர். எஸ்கியூஎல் என்று அறியப்படும் அந்த மொழி 1986-ல் அமெரிக்கத் தரமாகவும், 1987-ல் உலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

அந்த மொழியின் அடிப்படைச் சொற்கள் மிகச் சில. எந்த விவரங்கள் வேண்டும் என்பதற்கு 'செலக்ட்', எந்த அட்டவணையிலிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', என்ன நிபந்தனை என்பதற்கு 'வேர்'. இரண்டு அட்டவணைகளைப் பொது அடையாளத்தால் சேர்ப்பதற்கு 'ஜாயின்', வகைவகையாகப் பிரித்துக் கூட்டுவதற்கு 'குரூப் பை'. அன்றாடத் தேவைகளில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் முடிந்துவிடும்.

அரசுக் கணினிகளில் மட்டுமல்ல, சட்டைப்பையில் இருக்கும் கைபேசியிலும் இத்தகைய அட்டவணைகள் உண்டு. ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இயங்குகிறது. ஒரு தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பில் வைப்பது அதன் சிறப்பு. தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் கைபேசிக்குள் இந்த வடிவில்தான் சேமிக்கப்படுகின்றன.

கணினியில் இதை நேரிலேயே பார்க்கலாம். குரோம் உலாவி, பார்த்த பக்கங்களின் வரலாற்றை ஓர் எஸ்கியூலைட் கோப்பில் வைத்திருக்கிறது. உலாவியை மூடிவிட்டு அந்தக் கோப்பை நகலெடுத்து, 'டிபி பிரௌசர்' என்ற இலவச மென்பொருளில் திறந்தால், பக்கத்தின் முகவரி, தலைப்பு, எத்தனை முறை பார்த்தது, கடைசியாக எப்போது என்று நெடுவரிசைகள் தெரியும். தேதிக்குரிய இடத்தில் 17 இலக்க எண் ஒன்று நிற்கும். 1601 ஜனவரி 1 முதல் கடந்த காலத்தை மைக்ரோ நொடிகளில் எண்ணிய கணக்கு அது. வினவலிலேயே அதைத் தேதியாக மாற்றிவிடலாம்.

எல்லாக் கோப்புகளும் இப்படித் திறந்துகொள்வதில்லை. கைபேசியில் ஒரு செயலியின் கோப்பை இன்னொரு செயலி தொட முடியாதபடி பூட்டு உண்டு. அந்தரங்கத்தைக் காக்கும் ஏற்பாடு அது. அத்தகைய இடங்களில் செயலியே தரும் ஏற்றுமதி வசதிதான் வழி. கூகுள் தொடர்புகளையும் பல வங்கிகளின் கணக்கு அறிக்கையையும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) அல்லது எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

இப்படி இறக்கிய கோப்புகளை வினவுவதன் பலன் சிறு வணிகருக்குத்தான் அதிகம். 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்ளலாம். ஆர்டர்கள் எக்செல் தாளில் இருக்கின்றன. யுபிஐ வரவுகள் வங்கி அறிக்கையில் இருக்கின்றன. யாரிடமிருந்து இன்னும் பணம் வரவில்லை என்ற கேள்விக்கு விடை காண இரண்டையும் பக்கம் பக்கமாக ஒத்துப்பார்த்தால் பொழுது போய்விடும். பெயரை வைத்து இணைக்க முடியாது. 'முருகேசன்' இன்னோரிடத்தில் 'முருகேஷ்' ஆகிவிடுவார். ஆனால் ஒவ்வொரு யுபிஐ பரிவர்த்தனைக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. பணம் செலுத்தியவர் காட்டும் அந்த எண்ணை ஆர்டர் தாளிலும் எழுதி வைத்தால், ஒரே வினவலில் நிலுவைப் பட்டியல் வந்துவிடும். எண் இல்லாத ஆர்டர்களும், எண் இருந்தும் வங்கி அறிக்கையில் காணாதவையும் தனியே நிற்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை. எக்செல் 12 இலக்க எண்ணைச் சுருக்கிக் காட்டும். முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிடும். ஆகவே அந்த நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். தேதியும் எல்லாக் கோப்புகளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கருவிகளுக்குச் செலவில்லை. கூகுள் ஷீட்ஸில் 'குவரி' என்ற சூத்திரம் இருக்கிறது. நெதர்லாந்தின் சிடபிள்யுஐ ஆய்வு நிறுவனத்தில் உருவாகி 2019-ல் வெளிவந்த டக்டிபி, சிஎஸ்வி கோப்பின் பெயரைச் சொன்னாலே அதை அட்டவணையாக எடுத்துக்கொள்ளும். பல கோப்புகளை ஒரே வினவலில் இணைக்கும்.

கற்கத் தொடங்குவோர் எப்போதும் நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். அடுத்தவர் தரவை அவர் அனுமதியின்றித் திறக்கக் கூடாது. ஆனால் எந்த மென்பொருளையும் விட முதலில் வேண்டியது ஒழுங்கான பதிவு. ஆர்டருக்கு ஓர் எண், வரவுக்கு ஓர் எண் என்று இன்றே எழுதத் தொடங்குங்கள். அடையாளம் இல்லாமல் சேர்த்த கணக்கை எந்த வினவலாலும் இணைக்க முடியாது.