எதிரியின் கப்பலை எதற்குத் தூக்கினார்கள்?

ஜப்பானியக் கடற்படையின் 102-ஆம் எண் ரோந்துக் கப்பலை ‘பசிபிக்கின் பேய்க் கப்பல்’ என்று அழைப்பார்கள். கேட்கக் கவர்ச்சியான பெயர்தான். ஆனால் அதன் கதையில் பேயைவிடப் பெரியது பற்றாக்குறை.

அது ஜப்பான் கட்டிய கப்பலே அல்ல. 1920-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கட்டிமுடிக்கப்பட்ட ‘ஸ்டூவர்ட்’ என்ற நாசகாரிக் கப்பல். 1942 பிப்ரவரி 19 இரவு, பாலித் தீவை ஒட்டிய படுங் நீரிணையில் நடந்த சண்டையில் அடிபட்டு, பழுதுபார்க்க ஜாவாவின் சுராபாயா துறைமுகத்துக்கு வந்தது. மிதக்கும் உலர்துறையில் ஏற்றினார்கள். தாங்கு கட்டைகள் சரியாகப் பொருந்தாததால், துறை மேலெழும்போது கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. சுழல்விசிறித் தண்டுகள் வளைந்துபோயின. ஜப்பானியப் படை நெருங்கிக்கொண்டிருந்தது. சரிசெய்ய நேரமில்லை. உள்ளே வெடிவைத்தார்கள், ஜப்பானிய விமானம் ஒன்றின் குண்டும் விழுந்தது. மார்ச் 2-ஆம் தேதி உலர்துறையோடு சேர்த்தே மூழ்கடித்தார்கள். அந்த மாதமே அமெரிக்கா அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது; ‘ஸ்டூவர்ட்’ என்ற பெயரையும் பின்னர் புதிய கப்பலொன்றுக்குக் கொடுத்துவிட்டது.

ஓராண்டு நீருக்குள் கிடந்த இந்த உடைசலை 1943 பிப்ரவரியில் ஜப்பானியர்கள் மேலே தூக்கினார்கள். ஏன் இவ்வளவு பாடு?

சுமத்ரா, போர்னியோவின் எண்ணெய்க்காகவே ஜப்பான் தெற்கே வந்தது. அந்த எண்ணெய் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் கடந்து ஊர் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் அமெரிக்க நீர்மூழ்கிகள். பெரும் போர்க்கப்பல்களின் இறுதி மோதலுக்கென்றே பல ஆண்டுகள் தயாரான ஜப்பானியக் கடற்படை, சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போகும் வேலையை இரண்டாம்பட்சமாகவே வைத்திருந்தது. அதற்கென்று தனித் தலைமையகம் அமைத்ததே 1943 நவம்பரில்தான். அதற்குள் இழப்பு கைமீறிக்கொண்டிருந்தது. ஓடக்கூடிய எந்த உடலும், இருபத்துமூன்று வயதான எதிரிக் கப்பலானாலும், தேவைப்பட்டது. பற்றாக்குறைக்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் வேண்டியதில்லை.

1943 செப்டம்பர் 20-இல் அது 102-ஆம் எண் ரோந்துக் கப்பலாகப் பணியில் சேர்ந்தது. முன்பக்கப் புகைபோக்கிகள் இரண்டையும் ஒன்றாக இணைத்ததில், நான்கு மூன்றாயின. ஆனாலும் அந்த வகைக் கப்பலின் தட்டையான நெடும் மேல்தளம் மறையவில்லை. எதிரியின் கடற்பரப்பில் வெகு உள்ளே ஓர் அமெரிக்க நாசகாரி ஓடுவதாக அமெரிக்கத் தரப்பு விமானிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ‘பேய்’ பிறந்தது அங்கேதான்.

அதன் வாழ்வில் மனதைக் கனக்கச் செய்யும் நாள் 1944 ஆகஸ்ட் 24. பிலிப்பைன்ஸின் லூசான் தீவையொட்டிய டாசோல் விரிகுடாவில், சாமுவேல் டீலி தலைமையிலான ‘ஹார்டர்’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி அன்று அழிந்தது. 22-ஆம் எண் கடலோரக் காவல் கப்பலின் ஆழ்நீர்க் குண்டுகள் தாக்கின. 79 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த வேட்டையில் துணைக்கு நின்றது 102. அமெரிக்கத் தொழிலாளர்கள் கட்டிய கப்பல், அமெரிக்க மாலுமிகளின் சாவுக்கு உடனிருந்தது.

அவ்வாண்டு இறுதியில் ஜப்பானின் குரே துறைமுகத்தில் புதிய கொடிமரமும் கூடுதல் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் பொருத்தினார்கள். 1945 ஏப்ரலில் கொரியாவின் மோக்போவில் அமெரிக்க விமானங்கள் அதைத் தாக்கின. போர் முடிந்தபோது குரேக்கு அருகே நின்றிருந்த கப்பலை அமெரிக்கர்கள் கண்டார்கள். அக்டோபர் 29-இல் மீண்டும் தங்கள் படையில் சேர்த்தார்கள். பழைய பெயர்தான் வேறொருவரிடம் போய்விட்டதே! டிடி-224 என்ற எண்ணே மிஞ்சியது. மாலுமிகள் அதை ‘ராம்ப்-224’ என்று அழைத்தார்கள். எதிரியிடமிருந்து மீண்ட போர்க்கைதிகளைக் குறித்த சொல் அது. கப்பலையும் அப்படியொரு கைதியாகவே அவர்கள் நினைத்தார்கள்.

குவாம் அருகே இயந்திரம் நின்றுபோனது. கட்டி இழுத்துத்தான் 1946 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ கொண்டுவந்தார்கள். மே 24-இல் ராக்கெட்டுகளுக்கும் பீரங்கிகளுக்கும் குறிபார்க்கும் இலக்காக்கி மூழ்கடித்தார்கள். 2024 ஆகஸ்ட்டில், தானியங்கி நீரடி வாகனங்கள் சோனார் கொண்டு துழாவியபோது, கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் சுமார் 3,500 அடி ஆழத்தில், பெரிதும் சிதையாமல் நிமிர்ந்தே நிற்கும் அந்த உடல் கிடைத்தது.