செங்கம் நடுகற்கள்

செங்கம் நடுகற்கள் என்பவை தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில் உள்ள செங்கத்திலும் அதன் சுற்றூர்களிலும் காணப்படும் வீரர் நினைவுக் கற்கள் ஆகும். பல்லவர் காலத்தைச் சேர்ந்த பல கற்கள் எழுத்துப் பொறிப்புடன் கிடைத்துள்ளன. இவற்றைப் பற்றிய நூலைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972 இல் வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியர் இரா. நாகசாமி ஆவார். அரசர் வரலாற்றில் இடம்பெறாத எளிய மக்களின் பெயர்களைத் தாங்கி நிற்பதே இக்கற்களின் தனிச்சிறப்பு.

பின்னணி

மலையும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த இப்பகுதியில் கால்நடையே முதன்மைச் செல்வமாக இருந்தது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் சங்க இலக்கியத்தில் முறையே வெட்சி, கரந்தை எனப்பட்டன. இப்பூசல்களில் இறந்தோருக்குக் கல் நடப்பட்டது. கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் கூறுகிறது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமும் வழியில் உள்ள நடுகற்களைக் குறிப்பிடுகிறது.

அமைப்பும் எழுத்தும்

பலகைக் கல்லில் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் உடலில் அம்பு தைத்திருப்பதும், காலருகே கெண்டியும் சிமிழும் இருப்பதும் காணலாம். பொறிப்பில் அரசனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், வீரன் பெயர், இறந்த காரணம் ஆகியவை சுருக்கமாக இடம்பெறும். எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து ஆகும். ஆட்சியாண்டு தரப்பட்டுள்ளதால், வட்டெழுத்தின் வளர்ச்சியைக் கால வரிசையில் அறிய இவை சிறந்த சான்றாக உள்ளன.

எடுத்தனூர் நடுகல்

முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் (7 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) சேர்ந்தது இக்கல். எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்காக இது நடப்பட்டது. கோவிவன் என்னும் அவனது நாய் இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாகவும் பொறிப்பு கூறுகிறது. வீரனுக்கு அருகில் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

மாயர் நினைவுத் தூண்களுடன் ஒப்பீடு

ஏறத்தாழ இதே காலத்தில், நடு அமெரிக்காவின் மாயர்களும் எழுத்து பொறித்த கல் தூண்களை நட்டனர். திக்கால், கோப்பான் முதலிய நகரங்களின் தூண்கள் அரசரின் முடிசூடல், போர் வெற்றி போன்றவற்றைக் கூறுகின்றன. கி.மு. 3114 இல் தொடங்கும் நெடுங்கணக்கு நாட்காட்டியால் அவற்றின் நாளைக் கூடத் துல்லியமாகக் கணிக்க இயலும். செங்கம் கற்களில் ஆட்சியாண்டு மட்டுமே உள்ளதால், அரசன் முடிசூடிய ஆண்டு தெரிந்தால்தான் காலத்தைக் கணிக்க முடியும். காலக் கணிப்பில் மாயர் தூண்கள் மேம்பட்டவை. ஆனால் அவை பெரிதும் அரசரையே போற்ற, செங்கம் கற்கள் மாடு காத்தவனையும் அவன் நாயையும் நினைவில் வைத்துள்ளன.

வழிபாடும் பாதுகாப்பும்

இப்பகுதியில் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் இன்றும் வணங்கப்படுகின்றன. வழிபாடு கற்களை அழிவிலிருந்து காத்துள்ளது. எனினும் எண்ணெய்ப் பூச்சும் சுண்ணாம்பும் படிந்தால் எழுத்துகள் மறைகின்றன. வழிபாடின்றி வயல்வெளியில் நிற்கும் கற்கள் நிலத்தைத் திருத்தும்போது பெயர்க்கப்படக்கூடும். ஒரு கல் சிதைந்தால், அதில் உள்ள மனிதரைப் பற்றி வேறெங்கும் சான்று கிடைப்பது அரிது.