கணினிக்குள் சேரும் தூசியை நாமே துப்புரவாக்குவோம்

சோளகக் காற்று தொடங்கிவிட்டால் தென்மராட்சியில் கூட்டித் துடைக்கும் வேலை இரட்டிப்பாகிவிடும். காலையில் கூட்டிய விறாந்தையில் மத்தியானம் கால் வைத்தால் மணல் நறநறக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்று, வளவுப் புழுதியையும் வீதிப் புழுதியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டும். அலுமாரிக்கு மேலே சேருவது கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடுவோம். மேசைக்குக் கீழே நிற்கும் கணினிப் பெட்டிக்குள் சேருவதை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் சாவகச்சேரி நகரில் கண்டி வீதிக்குச் சமீபமாகச் சிறிய தட்டச்சு நிலையம் ஒன்றை 2011 ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறேன். இரண்டு கணினி, ஒரு பிறின்ரர், ஒரு போட்டோப் பிரதி இயந்திரம். அவ்வளவுதான் என் முதல். மரண அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, உதவித்தொகை விண்ணப்பம், பிள்ளைகளின் மாதிரி வினாத்தாள் என்று கொண்டு வருபவர்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள். ஒரு கணினி ஒரு நாள் நின்றால் அந்த நாளின் உழைப்பு நின்றது என்றே அர்த்தம். சுயதொழிலுக்கென்று கணினி வாங்கிய சகோதரிகளும், முன்பள்ளியிலோ மாதர் சங்கத்திலோ கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களும் இதை அறிவார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2000 ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்த பின் நடந்த சண்டையில் சாவகச்சேரி நகரம் பெரும்பாலும் இடிந்துபோனது. 2002 போர்நிறுத்தத்தின் பின் திரும்பி வந்தவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு கட்டினார்கள். 2009 இன் பின்னரும் வீட்டுத் திட்டங்களில் கட்டினார்கள். கல் அடுக்கிய பிறகு பூச்சுக்குக் காசு மிஞ்சாத வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பூசாத சுவரிலிருந்து சீமெந்துத் தூள் எந்நேரமும் உதிரும். சீலிங் அடிக்காத கூரையிலிருந்து ஒட்டறையும் பல்லி எச்சமும் விழும். கடனீரேரிப் பக்கத்து வீடுகளில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. குசினியும் கணினியும் ஒரே அறையில் என்றால் எண்ணெய்ப் புகை வேறு. உப்பும் எண்ணெயும் சேர்ந்த தூசி காய்ந்த புழுதி போல உதிராது, பசை போல ஒட்டிக்கொள்ளும், ஈரத்தையும் இழுக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும்போது கணினியைச் சுற்றியும் காட்டுகிறோம். வாணி விழாவுக்கு அதற்கு விபூதி பூசிச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். விபூதியைப் போல மென்மையான தூள் வேறு இல்லை; மின்விசிறி அதை அப்படியே உள்ளே இழுத்துவிடும். பொட்டைப் பெட்டியின் வெளிப்புறத்தில் காற்றுத் துவாரம் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தால் சரஸ்வதி குறை சொல்லமாட்டாள்.

தூசி இருந்தால் என்ன, ஓடத்தானே செய்கிறது என்று கேட்கலாம். கணினியின் மூளை என்று சொல்லப்படும் புறோசசர் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை அதன்மேல் பொருத்தியுள்ள அலுமினியத் தகடுகள் உறிஞ்சும். தகடுகளுக்கிடையே மின்விசிறி காற்றைச் செலுத்திச் சூட்டை வெளியேற்றும். தூசி வந்து இந்தத் தகடுகளுக்கிடையே கம்பளித் துணி போலப் படிந்துவிட்டால் காற்றுக்கு வழியில்லை. மின்விசிறி மாத்திரம் இரைச்சலோடு சுற்றும். சூடு 100 பாகை செல்சியசை அண்மிக்கும்போது புறோசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேல் போனால் கணினி தானாகவே அணைந்துவிடும். இதைத்தான் எம்மில் பலர் வைரஸ் என்கிறோம்.

என்னிடம் வரும் தங்கை ஒருத்தி, 2009 இல் கணவனை இழந்தவள், தனியார் வகுப்பு ஆசிரியர்களுக்குக் குறிப்புகள் தட்டச்சுச் செய்து கொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். அவளுடைய கணினி காலையில் ஒழுங்காக வேலை செய்யும், மத்தியானம் பதினொரு மணிக்கு மேல் அணைந்து அணைந்து எழும்பும். திருத்தக் கொடுத்த இடத்தில் மதர்போட் பழுது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தோட்டை அடகு வைக்கப் போகிறேன் அக்கா என்று வந்தாள். வெயில் ஏறத்தானே நிற்கிறது, முதலில் திறந்து பார்ப்போம் என்றேன். தகடுகளே தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் துப்புரவு செய்து பூட்டினோம். இன்று வரை அந்த மதர்போட்தான் ஓடுகிறது. எல்லாப் பழுதும் தூசியால் வருவதில்லை. ஆனால் காசு செலவழிக்க முன்னர் தூசியைப் பார்த்துவிடுவது நல்லது. 2022 நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு உதிரிப்பாகங்களின் விலை எமக்கு எட்டாத உயரத்துக்குப் போனதை மறந்துவிடலாகாது.

"கை வைக்காதேங்கோ அக்கா, கரண்ட் அடிக்கும்" என்று பெடியங்கள் சொல்வார்கள். இது பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் பயம் தேவையில்லை.

கணினிப் பெட்டிக்குள் பவர் சப்ளை என்று ஒரு தகரப் பெட்டி தனியாக இருக்கும். சுவரிலிருந்து வரும் வயரைச் சொருகுவது அதில்தான். வரும் 230 வோல்ற் மின்சாரம் அதற்குள் 300 வோல்ற்றுக்கும் அதிகமான நேர்மின்னாக மாறிச் சிறு கொள்கலன்களில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் அது அங்கே இருக்கலாம். ஆகவே அந்தத் தகரப் பெட்டியின் திருகாணிகளை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. அதைவிட்டால் உள்ளே உள்ள மற்றப் பாகங்களுக்குப் போவது 12 வோல்ற்றுக்கு மேற்படாத மின்சாரம். வயரைக் கழற்றிய கணினியில் அவற்றைத் தொட்டால் அடிக்காது. பழைய காலத்துத் தடித்த மொனிட்டர் இன்னும் வைத்திருப்பவர்கள் அதன் முதுகைத் திறக்கவே கூடாது. அதற்குள் 20,000 வோல்ற்றுக்கு மேல் உண்டாகும், அணைத்த பிறகும் தேங்கி நிற்கும். யூ.பி.எஸ் பெட்டியும் அப்படித்தான், திறக்க வேண்டாம்.

யூ.பி.எஸ் உள்ளவர்கள் மேலும் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்களே, அந்த நாட்களில் பலர் யூ.பி.எஸ் வாங்கினார்கள். சுவரில் சுவிச்சை அணைத்தாலும், ஊரெல்லாம் கரண்ட் இல்லாவிட்டாலும், யூ.பி.எஸ்ஸின் பற்றறியிலிருந்து கணினிக்கு 230 வோல்ற் வந்துகொண்டிருக்கும். ஆகவே மின்வெட்டு நேரந்தானே என்று திறக்கக்கூடாது. கணினியின் பின்புறத்தில் சொருகியுள்ள மின்வயரையே கையால் பிடித்துக் கழற்ற வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். கணினியை முறைப்படி அணைத்து, மின்வயரைக் கழற்றியபின், முன்னால் உள்ள பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமாக நிற்கும் மின்சாரம் போய்விடும். பின்புறத்து வயர்கள் எது எங்கே என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெட்டியை விறாந்தைக்குத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். அறைக்குள் செய்தால் போன தூசி திரும்பி வந்து அதிலேயே குந்தும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இழுப்பு வருத்தம் உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் கிட்ட நிற்கவேண்டாம்.

பெரும்பாலான பெட்டிகளில் முன்பக்கத்திலிருந்து பார்க்க இடப்பக்கத் தகடுதான் கழலும். பின்னால் இரண்டு திருகாணி இருக்கும். கழற்றியவற்றை ஒரு சிரட்டைக்குள் போட்டு வைத்தால் தேடித் திரிய வேண்டியதில்லை. உள்ளே கை வைக்க முன்னர் பெட்டியின் பூச்சில்லாத இரும்பு ஓரத்தைத் தொடுங்கள். நைலக்ஸ் சேலை உரசும்போது சில நேரம் மயிர் கூச்செறிகிறதல்லவா, அந்த மின்சாரம் எம்மை ஒன்றும் செய்யாது. நுண்ணிய பாகங்களைப் பழுதாக்கிவிடும். இரும்பைத் தொட்டால் அது இறங்கிவிடும். பருத்தி உடுப்போடு செய்வது இன்னும் நல்லது.

தேவைப்படுவது ஹாட்வெயார் கடையில் வாங்கிய புதிய பெயின்ற் பிறஸ் ஒன்றும் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்மும். பிறஸ் ஒன்றரை அங்குல அகலமாக, மெதுமையாக, காய்ந்ததாக இருக்கட்டும். பிறஸ்ஸால் மெதுவாகத் தட்டித் தூசியை இளக்கி, பம்மால் காற்றடித்து வெளியே தள்ள வேண்டும். மேலிருந்து கீழாகப் போங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ரயர் கடைக் கொம்பிறசரில் காற்றோடு தண்ணீரும் வரும், வேகமும் கூட. வக்கும் கிளீனரின் குழாயை உள்ளே விட்டால் உரசலில் மின்னேற்றம் உண்டாகும். ஈரச் சீலை, மண்ணெண்ணெய், தின்னர் ஒன்றும் வேண்டாம்.

மின்விசிறிக்குக் காற்றடிக்கும்போது அதைச் சுற்ற விடக்கூடாது. மின்சாரம் இல்லாத 90 களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். மின்விசிறியின் மோட்டரும் அப்படித்தான், வெளியிலிருந்து வேகமாகச் சுற்றினால் மின்சாரத்தைப் பின்னோக்கி அனுப்பக்கூடும், அச்சும் தேயும். ஒரு விரலால் இதழைப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். ஷெல் பட்டு ஒரு கையை இழந்த சகோதரி ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இதழ்களுக்கிடையே ஓர் ஈர்க்கைச் செருகிவிட்டு, இருக்கும் கையால் பிறஸ் பிடிக்கிறார். இரண்டு கையும் உள்ள நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முடிந்ததும் ஈர்க்கை எடுக்க மறக்கக்கூடாது.

அலுமினியத் தகடுகளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நான் அரை மணித்தியாலம் அதிலேயே நிற்பேன். தகட்டுத் தொகுதியைக் கழற்ற வேண்டாம். அதற்கும் புறோசசருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பசை பூசப்பட்டிருக்கும். கழற்றினால் புதிதாகப் பூச வேண்டும். பவர் சப்ளைப் பெட்டிக்கு வெளியிலிருந்து அதன் துவாரத்தினூடாகக் காற்றடித்தால் போதும், ஈர்க்கைத் தவிர வேறு எதையும், குறிப்பாக இரும்புக் கம்பியை, அதற்குள் விடக்கூடாது. ஈர்க்கும் விசிறி இதழ் வரைக்குந்தான். முன்பக்கத்தில் தூசி வடிகட்டி இருந்தால் கழற்றிச் சவர்க்காரத்தில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் போடலாம். எறும்புக் கூடு, பல்லி முட்டை இருந்தால் அவை நுழைந்த ஓட்டையைத் தேடி அடையுங்கள். காற்றுத் துவாரங்களை அடைத்துவிடாதீர்கள்.

மூடுவதற்கு முன்னர் மின்விசிறியில் வயர் ஏதும் முட்டுகிறதா என்று பாருங்கள். வயர்களைப் படத்தைப் பார்த்துப் பூட்டிப் போட்டதும் விசிறிகள் சுற்றுகின்றனவா என்று கவனியுங்கள். கணினி எழும்பாமல் பீப் பீப் என்று கத்தினால் பதற வேண்டாம். துப்புரவின்போது றாம் பலகை சற்று இளகியிருக்கும். திரும்பவும் மின்வயரைக் கழற்றி, றாமை எடுத்து, அதன் மஞ்சள் விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, இருபுறமும் 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் போடுங்கள். எரிந்த மணம் வந்தால் மாத்திரம் உடனே வயரைக் கழற்றிவிட்டுத் திருத்துபவரிடம் கொடுங்கள்.

சோளகம் தொடங்க முன்னர் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது ஒரு தடவை என்று நான் செய்கிறேன். வீதியோரக் கடை என்றால் அதற்கும் கூடத் தேவைப்படும். பெட்டியை நிலத்தில் வைக்காமல் இரண்டு சீமெந்துக் கல்லின்மேலாவது பலகை போட்டு வைத்தால் உள்ளே போகும் மணல் வெகுவாகக் குறையும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கணினி ஓடும்போது அறையைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். பூ வேலை செய்த உறை போட்டு வைத்திருப்பவர்கள், வேலை செய்யும்போது அதை முழுவதும் எடுத்துவிட வேண்டும். முன்பக்கத்தை மாத்திரம் தூக்கிவிட்டு வேலை செய்கிறார்கள், பின்னால் சூடு போக வழியில்லை.

மடிக்கணினியை இப்படித் திறக்க முடியாது. உள்ளே பற்றறி உண்டு, மெல்லிய நாடா வயர்கள் அறுந்துவிடும். அணைத்துவிட்டு, அடியிலும் ஓரத்திலும் உள்ள காற்றுத் துவாரங்களைக் காய்ந்த பிறஸ்ஸால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெத்தையில் வைத்துப் பாவிக்க வேண்டாமென்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.