ஆஸ்பத்திரி பில்லும் கணிதச் சொற்களும்

கனகசெட்டிக்குளம் புதுச்சேரியின் வடபகுதியில் உள்ள கடலோரக் கிராமம். அடுத்துள்ள காலாப்பட்டுப் பகுதியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. ஆகவே இவ்வூர் அங்கத்தினர்களுக்கு வைத்தியம் எட்டும் தூரத்தில்தான் உள்ளது. பில்லும் இன்ஷூரன்ஸ் பத்திரமுமே எட்டாதவையாக இருக்கின்றன. அன்றாடச் சொற்களைப் போலத் தோன்றும் பல, அங்கே கணிதச் சொற்களாக வருவதே இதற்குக் காரணம்.

'எதிர்பார்ப்பு' என்பதை எடுத்துக்கொள்வோம். ஓர் உதாரணம்: 1,000 குடும்பங்களில் ஆண்டுக்கு 40 குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் சேர்வதாகவும், சராசரிச் செலவு 50,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 லட்சம். குடும்பத்திற்கு 2,000 ரூபாய். கணிதம் இத்தொகையையே எதிர்பார்ப்பு என்கிறது. எந்தக் குடும்பமும் சரியாக 2,000 ரூபாய் செலவிடப் போவதில்லை. எனினும் பிரீமியத்தின் அடித்தளம் இதுவே. நிர்வாகச் செலவும் இலாபமும் இதன்மேல் ஏறுகின்றன.

100 குடும்பங்கள் மட்டும் சேர்ந்தால் நான்கு நோயாளிகளுக்குப் பதில் எட்டுப் பேர் வந்து நிதியைக் காலிசெய்துவிடக்கூடும். ஒரு லட்சம் குடும்பங்கள் சேர்ந்தால் அத்தகைய இரட்டிப்பு மிக அரிது. இதுவே பேரெண் விதி. ஜேக்கப் பெர்னூலி இதை நிறுவிய நூல் 1713-இல் வெளிவந்தது. 2003-இல் கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக நடைமுறைக்கு வந்த யசஸ்வினித் திட்டம் இவ்விதியின் பலனைக் காட்டிற்று. தொடக்கத்தில் ஒருவருக்கு ஆண்டுச் சந்தா 60 ரூபாய். அரசு உதவியும் இருந்தது. அறுவை சிகிச்சைகளுக்கு ஆஸ்பத்திரிகளோடு முன்கூட்டியே கட்டணம் பேசி வைத்ததால், பில் எவ்வளவு ஏறுமோ என்ற அச்சமும் குறைந்தது.

நம்மை அதிகம் வாட்டும் சொல் 'விகிதாசாரக் கழிவு'. மூன்று லட்ச ரூபாய்ப் பாலிசியில் அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய் என்போம். நெசவாளர் ஒருவர் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்குகிறார். அறைக்கு 30,000, டாக்டர், அறுவை, தாதியர் கட்டணம் 60,000, மருந்தும் பரிசோதனையும் 20,000, ஆக 1,10,000. வாடகை வித்தியாசமான 15,000 மட்டுமே தம் பொறுப்பு என்று அவர் எண்ணுவார். ஆனால் அறையின் தரத்திற்கேற்ப டாக்டர் கட்டணமும் உயரும் ஆஸ்பத்திரியில், அந்த 60,000-மும் பாதியாக்கப்படலாம். கம்பெனி தருவது 65,000; அவர் கட்டுவது 45,000! மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் இக்கழிவு கூடாதென்பது 2020-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி.

ஆகவே அங்கத்தினர்கள் அறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மூன்று கேள்விகள் கேட்பது நலம். வாடகை வரம்பு எவ்வளவு? ஒவ்வொரு பில்லிலும் நம் பங்கு எத்தனை சதவீதம்? இந்தச் சிகிச்சைக்கு மொத்தக் கட்டணம் உண்டா? விடைகளை எழுத்தில் பெறவேண்டும். சங்கக் காரியதரிசிகள் மேற்கண்ட கணக்கை விளம்பரப் பலகையில் எழுதி வைக்கலாம். நூலின் நம்பர் பார்த்துப் பாவு ஓட்டுபவர்களுக்கும், மகசூலை மூட்டைக் கணக்கில் மதிப்பிடுபவர்களுக்கும் இக்கணிதம் கடினமானதன்று.