அம்பாசிடர்: என்ஜினும் எரிபொருளும் சொல்லும் வணிகப் பாடம்

நமது வணிகப் பெருமக்களில் மூத்தவர்கள் பலருக்கும் 'கார்' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அம்பாசிடர்தான். மண்டிக்கும் கடைக்கும், குடும்பத்தோடு கோயில் குளத்துக்கும், திருமணத்துக்கும் அந்த ஒரே வண்டி ஓடியது. சுமார் 57 ஆண்டுகள் விற்பனையான ஒரு சரக்கு ஏன் நிலைத்தது, ஏன் வீழ்ந்தது என்று அறிந்துகொள்வது, புதிதாகக் கார் வாங்க எண்ணுவோருக்கும் சரக்கு விற்போருக்கும் ஒருசேரப் பயன்தரும்.

பிறந்த கதை

பிர்லா குழுமத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942-இல் தொடங்கப்பட்டது. குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் வண்டிகளைப் பூட்டி விற்று வந்த இந்நிறுவனம், 1948-இல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. 1954-இல் 'லேண்ட்மாஸ்டர்' வந்தது. அதை அடுத்து, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1957-58-இல் அம்பாசிடர் வெளிவந்தது. இங்கிலாந்தில் அந்த மாதிரி ஓரிரு ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இங்கோ 2014 வரை நீடித்தது.

முதலில் 1,476 சி.சி. கொள்ளளவுள்ள பழைய பக்கவாட்டு வால்வு என்ஜின் பொருத்தப்பட்டது. 1959-இல் அதற்குப் பதிலாக, வால்வுகள் மேலே அமைந்த 1,489 சி.சி. என்ஜின் வந்தது. 1963-இல் மார்க் 2, 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4 என்று பெயர்கள் மாறினாலும், மாறியவை பெரும்பாலும் முன்பக்கக் கிரில்லும் விளக்கும் டேஷ்போர்டும்தான். பெட்ரோல் வண்டியில் அதே 1,489 சி.சி. என்ஜின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தது.

வணிகர்கள் விரும்பியது ஏன்?

அன்றைய லைசென்ஸ் முறையில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்துதான் கார் வாங்க முடிந்தது. தேர்வுக்கு இடமில்லை என்பது உண்மையே. ஆனாலும் வண்டிக்கென்று சில சிறப்புகள் இருந்தன. முன்னும் பின்னும் நீளமான இருக்கை. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருந்ததால் முன்னிருக்கையிலும் மூவர் அமரலாம். டிக்கியில் நிறைய சரக்கு வைக்கலாம். மேடுபள்ளச் சாலையைத் தாங்கும். எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது நீக்கலாம். உதிரி பாகம் சிற்றூரிலும் கிடைக்கும்.

குறை ஒன்றுதான், அதுவே பெரிய குறை. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுப்பதே அரிது. நகர நெரிசலில் இன்னும் குறையும். வண்டியின் எடையே ஒரு டன்னுக்கு மேல். என்ஜினோ பழைய அமைப்பு, நான்கே கியர். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஐந்தாவது கியர் இருந்தால் என்ஜின் குறைந்த சுழற்சியில் ஓடி எரிபொருள் மிச்சமாகும். அந்த வசதி அதில் இல்லை.

டீசல் வந்தது

1980 வாக்கில் 1,489 சி.சி. டீசல் என்ஜினுடன் அம்பாசிடர் வந்தது. இந்தியாவில் டீசலில் ஓடிய முதல் கார் இதுவே எனலாம். சக்தி சுமார் 37 குதிரைத் திறன்தான். மேட்டில் ஏறத் திணறும், சத்தமும் அதிகம். இருந்தும் டாக்ஸிக்காரர்களும் அதிகம் ஓடும் வணிகர்களும் அதை நாடினர். காரணம் எளிது. டீசல் என்ஜினில் காற்று மிக அதிகமாக அழுத்தப்படுவதால், எரிபொருளின் வெப்பத்தில் கூடுதல் பங்கு வேலையாக மாறுகிறது. அத்துடன், அரசு டீசல் விலையைப் பெட்ரோலைவிட வெகுவாகக் குறைத்து வைத்திருந்தது.

1990-இல் 'நோவா' வந்தது. அதன்பின் 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1,817 சி.சி. பெட்ரோல் என்ஜின், ஐந்து கியருடன் பொருத்தப்பட்டது. சுமார் 75 குதிரைத் திறன் கொண்ட அது நல்ல என்ஜின்தான். பின்னர் இசுசுவின் 2 லிட்டர் டீசலும் வந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

சரிவு

1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. 796 சி.சி. என்ஜின், சுமார் 650 கிலோ எடை. அதே லிட்டரில் அம்பாசிடரைவிட வெகுதூரம் சென்றது. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 24,000-க்கு மேல் விற்ற அம்பாசிடர், 2013-14-இல் 2,500-ஐக்கூட எட்டவில்லை. 2010-இல் பெருநகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது அதற்கேற்ற என்ஜின் கையில் இல்லை. 2013-இல் 'என்கோர்' வந்தபோது வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விட்டார். 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. 2017-இல் அந்தப் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இன்று கார் வாங்குவோர் போட வேண்டிய கணக்கு

பெட்ரோல் விலை 2010-லும் டீசல் விலை 2014-லும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. விலை வித்தியாசம் சுருங்கிவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்ததும் மாருதி நிறுவனம் டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. எனவே 'டீசல் என்றால் லாபம்' என்ற பழைய எண்ணத்தைக் கணக்குப் போட்டே ஏற்க வேண்டும்.

ஓர் உதாரணம்: பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 12.5 கி.மீ. தருகிறது என்று கொண்டால் கி.மீ.க்கு 8 ரூபாய். டீசல் 90 ரூபாய், 18 கி.மீ. என்றால் 5 ரூபாய். மிச்சம் 3 ரூபாய். டீசல் வண்டி 1,20,000 ரூபாய் கூடுதல் விலை என்றால், 40,000 கி.மீ. ஓடிய பிறகே அந்தப் பணம் திரும்பும். ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓடுபவருக்கு இரண்டே ஆண்டு, 5,000 கி.மீ. மட்டும் ஓடுபவருக்கு எட்டு ஆண்டு! விளம்பரத்தில் உள்ள மைலேஜ் சோதனைக் கூடத்தில் கிடைத்தது. அதைவிடக் குறைத்தே கணக்கிடுவது நல்லது.

சரக்கு விற்கும் நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அம்பாசிடருக்கு வரிசை நின்ற காலத்தில் என்ஜினை மாற்ற அவசியமே ஏற்படவில்லை. வரிசை கலைந்த பிறகு மாற்றியும் பயனில்லை. நம் கடையில் கூட்டம் நிற்கும்போதே தரத்தையும் சேவையையும் உயர்த்திக்கொள்வதுதான் வணிகனுக்கு அழகு.